பழைய டிஸ்னிலேண்டின் நினைவுப்பொருள் கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக் கட்டப்பட்ட டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சவாரிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்தப் பக்கம் சவாரிகளுக்கு வெளியே நின்ற கடைகளைப் பற்றியது. மிக்கி மவுஸ் காது வைத்த தொப்பியும் முக்கோணக் கொடியும் விற்ற கவுண்டர்கள், அவற்றைச் சுற்றியிருந்த விளக்குகள், பெயர்ப் பலகைகள், ஜன்னல்கள் எல்லாம் இதில் வரும். காலம், ஏறத்தாழ 1955-லிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை.

பூங்காவின் கடையில் ரசிக்க அப்படி என்ன இருக்கிறது? பொம்மை விற்கிற கடைதானே?

இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பழைய டிஸ்னிலேண்டில் சவாரியை வடிவமைத்த கையே கடையையும் வடிவமைத்தது. ரோலி கிரம்ப் (1930–2023) என்ற கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். பாடும் பறவைகள் நிறைந்த டிக்கி ரூம், பேய் மாளிகை ஆகியவற்றில் வேலை செய்த அதே மனிதர்தான் அட்வெஞ்சர்லேண்ட் பகுதியின் பஜார் கடைகளையும் வடிவமைத்தார். கடைக்கென்று தனியாக இரண்டாம் தர ஆட்களை வைத்து வேலையை முடிக்கவில்லை.

இன்னொன்று, ஒவ்வொரு பகுதியும் தன் சரக்கைத் தானே வைத்திருந்தது. தொப்பி வாங்க ஓரிடம், மந்திர வித்தைச் சாமான் வாங்க வேறோர் இடம், புற ஊதா விளக்கில் ஒளிரும் கல் வாங்க இன்னோர் இடம் என்று அலைய வேண்டும். ஃபிரான்டியர்லேண்டில் மினரல் ஹால் என்றொரு கடை 1956-இல் திறந்தது. இருட்டறையில் கனிமக் கற்களை வைத்து, அவை பச்சையும் ஆரஞ்சுமாக மினுங்குவதை இலவசமாகக் காட்டுவார்கள். பிடித்திருந்தால் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வரலாம். மேற்கு அமெரிக்கச் சுரங்கக் கதை சொல்லும் பகுதியில் கல் கடை என்பது பொருத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பொருத்தம்தான் என்னை இந்தக் கடைகளின் பக்கம் இழுக்கிறது.

ஆரம்பத்தில் எல்லாக் கடைகளையும் டிஸ்னி நிறுவனமே நடத்தியதா?

இல்லை. பணம் போதவில்லை. பூங்காவைக் கட்ட 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவானது. ஏபிசி தொலைக்காட்சி ஒரு பங்கு போட்டது, வெஸ்டர்ன் பிரின்டிங் என்ற அச்சு நிறுவனம் ஒரு பங்கு போட்டது. மீதித் தேவையில் ஒரு பகுதி கடை வாடகையாக வந்தது. அதனால் நுழைவாயிலை அடுத்துள்ள மெயின் ஸ்ட்ரீட் என்ற கடைத்தெரு முழுக்க அந்நாளைய அமெரிக்க நிறுவனங்களின் பெயர்களே தொங்கின. கோடக் புகைப்படக் கடை, வுர்லிட்சர் இசைக்கருவிக் கடை, கார்னேஷன் ஐஸ்கிரீம் கடை, பாங்க் ஆஃப் அமெரிக்காவின் கிளை, ஏல் அண்ட் டவுன் பூட்டுக் கடை எல்லாம் அங்கே இருந்தன.

இவற்றில் என் விருப்பம் அப்ஜான் மருந்து நிறுவனம் நடத்திய பழங்கால மருந்துக்கடை. அங்கே விற்பனைக்கு ஏதும் கிடையாது. அலமாரி நிறையப் பழைய மருந்துக் குப்பிகள், ஒரு ஜாடியில் உயிருள்ள அட்டைகள். வந்தவர்களுக்குச் சின்னஞ்சிறு குப்பியில் வைட்டமின் மாத்திரை இலவசம். காசு கொடுக்காமல் கிடைத்த அந்தக் குப்பி இன்று சேகரிப்பாளர்கள் விலை பேசும் பொருள். கடை 1970 வரை இருந்தது.

விசித்திரமானதும் உண்டு. ஹாலிவுட் மேக்ஸ்வெல் என்ற நிறுவனம் பெண்களின் உள்ளாடைக் கடை ஒன்றை அதே தெருவில் வைத்தது. அதற்குள் ஓர் இயந்திர மந்திரவாதிப் பொம்மை நின்று உள்ளாடைகளின் வரலாற்றை எடுத்துச் சொல்லும். குடும்பத்தோடு குதிரை டிராமில் ஏற வந்தவர்கள் அங்கே எந்த முகத்தோடு நுழைந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சில மாதங்களிலேயே கடை மூடப்பட்டது.

மெயின் ஸ்ட்ரீட் கடைகள் புகைப்படத்தில் உயரமாகத் தெரிகின்றன, நேரில் சிறியதாக இருக்கின்றன. ஏன்?

மேலே போகப் போக அளவைக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளம் ஏறக்குறைய இயல்பான அளவு. இரண்டாம் தளத்தின் ஜன்னல்கள் சிறியவை, அதற்கு மேல் உள்ளவை இன்னும் சிறியவை. கண் ஏமாந்து, கட்டடம் உயரமாக இருப்பதாக நம்பும். திரைப்பட செட் போடுகிறவர்களின் பழைய வித்தை இது. பூங்காவை வரைந்தவர்களில் பலர் சினிமா ஸ்டுடியோவிலிருந்து வந்தவர்கள் என்பதால் அது இங்கேயும் வந்தது. உட்புற அலங்காரத்துக்குப் பொறுப்பாக இருந்த எமீல் கூரி, கலை அலங்காரத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்.

தெருவின் மாதிரி, 1900-ஐ ஒட்டிய ஒரு சிறிய அமெரிக்க ஊர். வால்ட் டிஸ்னி சிறுவயதில் வாழ்ந்த மிசூரி மாநிலத்து மார்சலீனும், வடிவமைப்பாளர் ஹார்ப்பர் காஃப் பிறந்த கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸும் இதில் கலந்திருக்கின்றன. எரிவாயுத் தெருவிளக்குகள் செய்து வைத்த நகல்கள் அல்ல. மின்விளக்கு வந்தபின் பால்டிமோர் நகரம் கழித்துப்போட்ட பழைய விளக்குக் கம்பங்களை வாங்கிக்கொண்டு வந்து நட்டார்கள்.

கடை விஷயத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எம்போரியம் போன்ற கடைகளின் காட்சி ஜன்னல்களைத் தாழ்வாக வைத்தார்கள். நான்கு வயதுக் குழந்தை யாரும் தூக்காமலே உள்ளே பார்க்கலாம். வியாபார புத்தியும் அன்பும் ஒரே அங்குலக் கணக்கில் சேர்ந்த இடம் அது. அடுத்து, வெளியே தனித்தனிக் கட்டடங்களாகத் தெரிபவை உள்ளே ஒன்றோடொன்று திறந்திருக்கின்றன. ஒரு கடையில் நுழைந்து தெருவுக்கு வராமலே நாலைந்து கடைகளைக் கடந்துவிடலாம். முகப்புகள் தனியாக இருப்பதால் பெரிய அங்காடிக்குள் நடக்கிறோம் என்ற எண்ணம் வருவதில்லை.

மாடி ஜன்னல்களில் தங்க எழுத்தில் வணிகப் பெயர்கள் இருக்கும். அவை கற்பனை வணிகங்கள், பெயர்கள் மட்டும் பூங்காவைக் கட்டியவர்களுடையவை. வால்ட் டிஸ்னியின் தந்தை எலியாஸ் டிஸ்னியின் பெயரும், 1895 முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்ற குறிப்போடு ஒரு ஜன்னலில் உண்டு.

காதுத் தொப்பியை யார் கண்டுபிடித்தார்கள்?

ராய் வில்லியம்ஸ். டிஸ்னி ஸ்டுடியோவில் கதையும் ஓவியமும் செய்துவந்த பருமனான, சிரித்த முகக்காரர். 1955 அக்டோபரில் தொடங்கிய மிக்கி மவுஸ் கிளப் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழந்தைகளோடு அவரும் தோன்றுவார். 1929-இல் வந்த ஒரு மிக்கி குறும்படத்தில் மிக்கி தன் காதுகளையே தொப்பியைப்போலத் தூக்கி மின்னிக்கு வணக்கம் சொல்லும். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுதான் தொப்பி. கறுப்பு ஃபெல்ட் துணியில் தலையோடு ஒட்டும் குல்லா, இருபுறமும் விறைத்து நிற்கும் வட்டக் காதுகள், தாடைக்குக் கீழே ஒரு எலாஸ்டிக் கயிறு. பொருளாகப் பார்த்தால் மலிவானது.

அதை மலிவாக விடாமல் செய்தது பின்பக்கத்துப் பெயர். மேட் ஹேட்டர் கடையில் தொப்பியை வாங்கியதும் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். தையல்காரர் சங்கிலித் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார். சாதாரணத் தையல் இயந்திரத்தில் துணியைத் தள்ளிக் கொடுக்கிறோம். இதில் மேசைக்கு அடியில் ஒரு கைப்பிடி இருக்கும், அதைத் திருப்பத் திருப்பத் தையல் போகும் திசை மாறும். அவர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்து, மறு கையால் கீழே சுற்றி, மஞ்சள் நூலில் கூட்டெழுத்தாக ஒரே இழுப்பில் பெயரை எழுதிவிடுவார். முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. பழைய தொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பெயரின் முதல் எழுத்து இரண்டு தொப்பிகளில் இரண்டு விதமாக வளைந்திருக்கும். கணினி எம்பிராய்டரி வந்தபின் எழுத்துகள் நேராகின, கை வேறுபாடு போயிற்று. அது முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயர் தைத்த தொப்பிக்குச் சந்தையில் விலை குறைவு, வெற்றுத் தொப்பிக்கு அதிகம். யாரோ ஒரு சிறுமியின் பெயரைத் தாங்கிய தொப்பியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், அதுவும் மலிவாகவே கிடைக்கும்.

ரக்கூன் வால் தொப்பியும் அங்கே விற்றதுதானா?

ஆமாம். எல்லைப்புற வேட்டைக்காரர் டேவி கிராக்கெட் பற்றிய டிஸ்னியின் தொலைக்காட்சித் தொடர் 1954 டிசம்பரில் ஆரம்பித்தது. ஃபெஸ் பார்க்கர் நடித்தார். அடுத்த சில மாதங்களில் அமெரிக்கச் சிறுவர்கள் பாதிப் பேர் தலையில் வால் தொங்கும் ரோமத் தொப்பி ஏறிவிட்டது. பூங்கா திறந்தபோது அந்த மோகம் உச்சத்தில் இருந்ததால் ஃபிரான்டியர்லேண்ட் கடைகளுக்கு நல்ல வேட்டை. மோகம் வந்த வேகத்திலேயே அடங்கியது.

பொம்மையைக் கண்முன்னே வார்த்துக் கொடுக்கும் இயந்திரம் பற்றிச் சொல்ல முடியுமா?

மோல்டராமா. இது டிஸ்னியின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1962-இல் சியாட்டிலில் நடந்த உலகக் கண்காட்சியில் புகழ்பெற்றது. 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் சின்க்ளேர் எண்ணெய் நிறுவனத்தின் அரங்கில் டைனோசர் பொம்மைகளை வார்த்துக் கொடுத்தது. 25 சென்ட் போட்டால் ஒரு டைனோசர். 1960-களில் டிஸ்னிலேண்டிலும் டிஸ்னி உருவங்களை வார்க்கும் இயந்திரங்கள் இருந்தன.

ஆள் உயரப் பெட்டி, மேலே குமிழ்போன்ற கண்ணாடி மூடி. காசு விழுந்ததும் இரண்டு உலோக அச்சுப் பாதிகள் இருபுறமிருந்தும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். உருகிய பாலிஎத்திலீன் கீழிருந்து ஏறும். அச்சைத் தொட்ட பிளாஸ்டிக் முதலில் இறுகும். நடுவில் இன்னும் கூழாக இருப்பதைக் காற்று ஊதி வெளியே தள்ளும், அதனால் பொம்மை உள்ளே வெற்றாக இருக்கும். அச்சுக்குள் ஓடும் குளிர்ந்த திரவம் மீதியை இறுக்கும். பாதிகள் விலகும்போது நடுவில் பொம்மை தனியாக நிற்கும். ஒரு தகடு வந்து அதைத் தள்ள, அது கீழே உள்ள வாயிலில் விழும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

கையில் எடுக்கும்போது சூடாக இருக்கும். மெழுகு வண்ணக்குச்சியை உருக்கினால் வருமே, அந்த வாசனை. அடிப்பக்கத்துத் துளை மேலே இருக்கும்படி கொஞ்ச நேரம் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகாத பிளாஸ்டிக் துளி சொட்டும். பொம்மையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் விளிம்புக் கோடு இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். இன்றைய உற்பத்தியாளர் அதைக் குறை என்று தேய்த்துவிடுவார். இதில் அந்தக் கோடே அடையாளம்.

இந்த இயந்திரங்கள் இன்னும் சாகவில்லை. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்திலும், அருகிலுள்ள புரூக்ஃபீல்டு விலங்குக் காட்சிசாலையிலும், மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வரைபடங்களையும் போஸ்டர்களையும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

வரைபடத்துக்குக் காரணம் சாம் மெக்கிம். சிறுவயதில் ஹாலிவுட்டில் குழந்தை நட்சத்திரமாக இருந்து பிறகு ஓவியரானவர். 1958-இல் அவர் வரைந்த பெரிய சுவர் வரைபடம் பூங்காவில் விற்பனைக்கு வந்தது. 1964 வரை அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள். வழிகாட்ட வேண்டுமென்று வரைந்ததில்லை அது. ஒவ்வொரு மரமும் படகும் ரயில் பெட்டியும் தனித்தனியாக வரையப்பட்டவை. அப்போது கட்டி முடியாத, சில ஒருபோதும் கட்டப்படாத இடங்களும் அதில் இருக்கின்றன. லிபர்ட்டி ஸ்ட்ரீட் என்ற திட்டமிட்ட தெரு அனஹைமில் வரவே இல்லை, வரைபடத்தில் மட்டும் உண்டு. ஒரு குழந்தை படுக்கையறைச் சுவரில் அதை மாட்டிவிட்டு அடுத்த வருடம் எங்கே போவதென்று விரலால் தேடியிருக்கும். இதைவிடச் சிறந்த விளம்பரம் ஏது?

போஸ்டர்கள் முதலில் விற்பதற்குச் செய்தவை அல்ல. சவாரிகளை அறிவிக்க நுழைவாயில் பக்கம் மாட்டிவைத்தவை, 36 அங்குல அகலம், 54 அங்குல உயரம். சில்க் ஸ்கிரீன் முறையில் வண்ணத்துக்கு ஒரு திரை என்று வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மையைத் தள்ளி அச்சிட்டார்கள். அதனால் கிட்டத்தில் பார்த்தால் வழக்கமான அச்சுப் புள்ளிகள் இருக்காது. மை தடிப்பாக, பூசியதுபோல இருக்கும். போலிகளைக் கண்டுபிடிக்க முதல் வழியும் இதுதான். பூதக்கண்ணாடியில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பின்னாளைய மறுஅச்சு.

கார்ட்டூன் மூல ஓவியங்களைச் சில டாலருக்கு விற்றார்கள் என்பது உண்மையா?

வயிறெரியும் உண்மை. டுமாரோலேண்டில் ஆர்ட் கார்னர் என்ற கடை 1955-லிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை இருந்தது. கார்ட்டூன் படங்களில் கதாபாத்திரத்தை ஊடுருவித் தெரியும் தாளில் வரைந்து, பின்புறம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படமெடுப்பார்கள். அந்தத் தாளுக்கு செல் என்று பெயர். படம் முடிந்ததும் ஸ்டுடியோவுக்கு அவை வேண்டாத குப்பை. அவற்றை அட்டைச் சட்டத்தில் பொருத்தி, பின்னால் தங்க நிற லேபிள் ஒட்டி, சில டாலருக்கு விற்றார்கள். இன்று அதே தங்க லேபிள் இருந்தால் விலை ஆயிரம் டாலர்களில் பேசப்படுகிறது.

லேபிள் மட்டும் அசலாக இருந்து, உள்ளே செல் மாற்றப்பட்டவையும் சந்தையில் உலவுகின்றன. பிரிக்காத சட்டமாகப் பார்த்து வாங்குவது நல்லது.

டிக்கெட் கூண்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

கட்டாயம். அந்நாளில் ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனி டிக்கெட். 1955 அக்டோபரில் ஏ, பி, சி என்று எழுத்து போட்ட டிக்கெட் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு டி சேர்ந்தது. மேட்டர்ஹார்ன் மலைச் சறுக்கல், நீர்மூழ்கிக் கப்பல், மோனோரயில் மூன்றும் திறந்த 1959-இல் ஈ வந்தது. 1982-இல் இந்த முறை முடிந்தது. வீட்டு மேசை இழுப்பறைகளில் மீந்துபோனவை பெரும்பாலும் ஏ டிக்கெட்டுகள்தான், ஏனென்றால் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை டிராம் ஏறுவதற்கு மேல் அதனால் அதிகம் பயனில்லை.

சவாரிகளுக்குப் பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுகள் நின்றன. அவற்றுக்கும் அந்தந்தச் சவாரியின் வேடம் போட்டார்கள். ஸ்டோரிபுக்லேண்ட் படகுச் சவாரிக்குக் கலங்கரை விளக்கம், ஆலிஸ் சவாரிக்குக் காளான். இரண்டும் இன்னும் நிற்கின்றன, ஆனால் டிக்கெட் கொடுக்க ஆளில்லை. இரண்டு பேர் நிற்கக்கூட இடமில்லாத அந்தக் கூண்டுகளுக்கு அத்தனை வேலைப்பாடு தேவையா என்று கேட்கலாம். வரிசையில் நின்ற குழந்தையின் கண் வேறெங்கே போயிருக்கும்?

பாப்கார்ன் வண்டிக்குள் கைப்பிடி சுற்றும் பொம்மை எதற்கு?

அமெரிக்கப் பாப்கார்ன் வண்டிகளின் பழைய வழக்கம் அது. நீராவியால் ஓடிய கிரெட்டர்ஸ் நிறுவனத்தின் வண்டிகளில் வறுகலன் சுற்றும்போது ஒரு கோமாளிப் பொம்மை அதைச் சுற்றுவதுபோலக் காட்டும். டிஸ்னிலேண்ட் அதைப் பகுதிக்குப் பகுதி மாற்றியது. மெயின் ஸ்ட்ரீட்டில் கோமாளி, மேட்டர்ஹார்ன் பக்கம் பனி மனிதன், டுமாரோலேண்டில் ராக்கெட் மனிதன். பாப்கார்ன் வாங்காமலே கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் குழந்தைகள் இன்றும் உண்டு.

அந்தக் காலக் கடைகளில் எல்லாமே ரசிக்கும்படி இருந்தனவா?

நிச்சயம் இல்லை. மெயின் ஸ்ட்ரீட்டில் புகையிலைக் கடை இருந்தது, 1990-களின் தொடக்கத்தில்தான் மூடப்பட்டது. அதன் வாசலில் நிறுத்திய அமெரிக்கப் பழங்குடி மரச்சிலை, புகையிலை வியாபாரிகளின் பழைய விளம்பரச் சின்னம். ஃபிரான்டியர்லேண்டில் பழங்குடி மக்களின் பெயரால் விற்ற இறகுத் தலையணிகளும் ரப்பர் கோடாரிகளும் அந்த மக்களைக் கார்ட்டூனாக்கியவை. அதே பகுதியில் ஆன்ட் ஜெமைமா பான்கேக் கடை 1970 வரை நடந்தது, அடிமைக் காலத்துக் கறுப்பினச் சமையற்காரி வேடத்தை வைத்து வியாபாரம் செய்தது. அந்தக் கடையின் மெனு அட்டையை இன்று சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். வரலாற்று ஆவணமாக வைத்திருப்பது வேறு, அழகிய பழைய நாட்கள் என்று சுவரில் மாட்டுவது வேறு. பழமைமீது பிரியம் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் இதைச் சொல்லாமல் நழுவிவிடுவது வழக்கம், அதனால்தான் இந்தக் கேள்வியைச் சேர்த்தேன்.

கைவினை ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்த கடைகள் எவை?

மெயின் ஸ்ட்ரீட்டின் நிழலுருவக் கடை 1956-லிருந்து இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் போதும், பென்சில் கோடு எதுவும் போடாமல், கறுப்புத் தாளில் கத்தரிக்கோலால் உங்கள் முகத்தை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். கண்ணிமைகூடத் தனியாகத் தெரியும். ஃபேண்டசிலேண்டில் மெர்லின் பெயரில் மந்திர வித்தைக் கடை இருந்தது. பிற்காலத்தில் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற ஸ்டீவ் மார்ட்டின், சிறுவனாகப் பூங்காவில் வழிகாட்டிப் புத்தகம் விற்றுவிட்டு, அந்தக் கடையில் வித்தை காட்டிச் சாமான் விற்றார். கடை 1983-இல் மூடப்பட்டது.

1966 ஜூலையில் திறந்த நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயரில் இரண்டு அபூர்வக் கடைகள் வந்தன. ஒன்றில் அசல் பழம்பொருட்கள் விற்றார்கள், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. மற்றது வாசனைத் திரவியக் கடை. உங்களுக்கேற்ற கலவையை அங்கேயே சேர்த்துக் கொடுத்து, அந்தக் கலவையின் குறிப்பைக் கோப்பில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை வரும்போது அதையே கேட்டு வாங்கலாம். ஒரு கேளிக்கைப் பூங்காவில் இப்படி நடந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. இரண்டு கடைகளும் 1990-களில் போயின.

பிறகு எல்லாம் ஏன் ஒரே மாதிரி ஆகிவிட்டது?

கணக்குதான் காரணம். வெளி நிறுவனங்களின் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிந்தன, கடைகள் டிஸ்னியின் கைக்கு வந்தன. ஒரே பொருளை லட்சக்கணக்கில் செய்ய வைத்து எல்லாக் கடைகளிலும் அடுக்கினால் லாபம் அதிகம், இருப்பைக் கணக்கு வைப்பதும் எளிது. 1987-இல் கலிபோர்னியாவின் கிளென்டேல் வணிக வளாகத்தில் முதல் டிஸ்னி ஸ்டோர் திறந்தது. அதற்குப் பிறகு டிஸ்னி பொம்மை வாங்க அனஹைம் போக வேண்டியதில்லை. ஒரு சதுர அடிக்கு இவ்வளவு விற்பனை என்ற கேள்வி வந்ததும், மணிக்கு நாலைந்து பேருக்கு வாசனைத் திரவியம் கலந்துகொடுக்கும் கடை அதில் தேறாது. கொடுமைக்காரர்கள் யாரும் திட்டமிட்டு அழித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேய் மாளிகைக்குப் பக்கத்திலும் டுமாரோலேண்டிலும் ஒரே டீ-ஷர்ட் தொங்கும்போது இரண்டு இடங்களும் கொஞ்சம் சுருங்கிவிடுகின்றன.

கையில் இருக்கும் பழைய பொருள் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அச்சிட்டிருக்கும் பதிப்புரிமை வாசகத்தைப் பாருங்கள். வால்ட் டிஸ்னி புரொடக்ஷன்ஸ் என்று இருந்தால் 1986-க்கு முந்தையது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நிறுவனத்தின் பெயர் வால்ட் டிஸ்னி கம்பெனி என்று மாறியது. பார்கோடு அச்சிட்ட அட்டையோடு 1950-களின் பொருள் என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள், கடைகளில் பார்கோடு பயன்பாடு தொடங்கியதே 1974-இல்தான். முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963-க்கு முந்தையதாக இருக்க முடியாது.

அதைவிடச் சுவாரசியமான வழி, தட்டிலோ கொடியிலோ அச்சிட்ட படத்தைப் படிப்பது. மேட்டர்ஹார்ன் மலை இருந்தால் 1959 அல்லது பிறகு. வியூலைனர் என்ற சிறு ரயில் 1957-லும் 1958-லும் மட்டுமே ஓடியது, அது தெரிந்தால் காலம் கையில் அகப்பட்டதுபோலத்தான். ஆனால் பழைய படத்தை ஆண்டுக்கணக்கில் மறுபடி அச்சிட்ட பொருட்களும் உண்டு என்பதால், படம் காட்டுவது கீழ் எல்லையை மட்டுமே.

வியூமாஸ்டர் என்ற கையடக்கக் கருவியில் போட்டு முப்பரிமாணத்தில் பார்க்கும் பட வட்டுகள் இருந்தால் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு வட்டில் ஏழு காட்சிகள், ஓர் உறைக்கு மூன்று வட்டுகள். அவற்றை முதலில் தயாரித்த சாயர்ஸ் நிறுவனத்தின் காலத்தவை கோடாகுரோம் ஃபிலிமில் அச்சானவை, வண்ணம் நேற்று எடுத்ததுபோல இருக்கும். 1966-இல் ஜிஏஎஃப் என்ற நிறுவனம் சாயர்ஸை வாங்கியது. அதன் 1970-களின் வட்டுகள் பல செக்கச்செவேலென்று மங்கிவிட்டன. சிவந்துபோனது பழையது, பளிச்சென்றிருப்பது புதியது என்று நினைப்பவர்கள் இதில் சரியாகத் தலைகீழாக ஏமாறுவார்கள்.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

வெயில் படாமல் வைப்பது பாதி வேலை. ஃபெல்ட் கொடிகளையும் காதுத் தொப்பிகளையும் பூச்சி அரிக்கும். காற்றுப்புகும் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். வரைபடத்தை லேமினேட் செய்யாதீர்கள், அது திரும்ப வராத வழி. மோல்டராமா பொம்மை சுவர் மெலிந்தது, மேலே எதையும் அடுக்க வேண்டாம். செல் ஓவியங்களைப் பிளாஸ்டிக் உறையில் அழுத்தி வைத்தால் வண்ணம் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று அவசியம்.

புதிதாகச் சேகரிக்க ஆரம்பிப்பவர் எதில் தொடங்கலாம்?

ஏலங்களைப் பார்த்து மிரள வேண்டாம். 2018-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே சேகரிப்பாளரின் டிஸ்னிலேண்ட் பொருட்கள் 80 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. அவை சவாரி வாகனங்களும் அசல் பெயர்ப்பலகைகளும். கவுண்டரில் விற்றவை வேறு ரகம். தபால் அட்டை, மிஞ்சிய ஏ டிக்கெட், வியூமாஸ்டர் உறை போன்றவை இன்னும் சாதாரண விலையில் கிடைக்கின்றன. என் யோசனை, சாயர்ஸ் காலத்து டிஸ்னிலேண்ட் வட்டுகளில் தொடங்குங்கள். மற்ற நினைவுப்பொருட்கள் பூங்காவின் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன, இவற்றில் பூங்காவே முப்பரிமாணத்தில் இருக்கிறது. காட்சியின் மையத்தில் இருக்கும் சவாரியை விட்டுவிட்டு ஓரங்களைத் துழாவுங்கள். பலூன் விற்பவர், தொப்பி அடுக்கிய வண்டி, பெயர்ப்பலகையின் எழுத்து வடிவம் எல்லாம் அங்கேதான் அகப்படும். வாங்குமுன் மூன்று வட்டுகளும் உறைக்குள் இருக்கின்றனவா, கூடவே வந்த சிறு கையேடு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.